பேக்கப் சர்வர் மவுண்ட் ஆகவில்லை, அவசரம்!

பாரிமுனை_பில்:
வணக்கம். ஆபீஸ் பேக்கப் சர்வர் டிஸ்க் காலையிலிருந்து மவுண்ட் ஆகவில்லை, அதாவது ஃபைல்களைத் திறக்கவே முடியவில்லை. டிஸ்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே (fsck) போட்டால், ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரம் இருக்கும் சூப்பர்பிளாக்கில் மேஜிக் நம்பர் (அடையாள எண்) தப்பு என்கிறது. திங்கட்கிழமை ஓனர் வருவதற்குள் சரியாக வேண்டும். என்ன கட்டளை போடுவது?

வண்ணை_வாசி:
எந்த லினக்ஸ்? ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4-ஆ (ext4), எக்ஸ்எஃப்எஸ்-ஆ (XFS)? எத்தனை டிஸ்க், அவற்றை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு (RAID) உண்டா? எஃப்எஸ்சிகேயை எதன் மேல் போட்டீர்கள்? டிஸ்கின் ஒரு பகுதியான பார்ட்டிஷனுக்குப் பதில் முழு டிஸ்கைக் காட்டினாலும் இதே செய்திதான் வரும்.

உப்புக்காத்து:
பேரிலேயே பாரிமுனை இருக்கிறதே, கடல் காற்றுதான். எங்கள் காசிமேடு கடையில் கனெக்டர் எல்லாம் பச்சை பூத்துவிடும். சாட்டா கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

டெர்மினல்_தாத்தா:
தம்பி, கெட்டது பேக்கப்தானே? ஒரிஜினல் மெயின் சர்வரில் இருக்கும். ஃபார்மட் செய், திரும்ப எடு. இதற்கு ஒரு இழையா?

பாரிமுனை_பில்:
உபுண்டு, இஎக்ஸ்டி4. 4 டிபி டிஸ்க் இரண்டு. இரண்டும் சேர்ந்த ரெய்டான எம்டி0 (md0) மேல்தான் எஃப்எஸ்சிகே போட்டேன். ராத்திரி கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.

அப்புறம் ஒன்று. மெயினில் இடம் போதவில்லை என்று 2021, 2022 ஷிப்பிங் பில் ஸ்கேன் எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டு அங்கே அழித்துவிட்டேன். கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ், ஐந்து வருஷ ரெக்கார்டு கையில் இருக்க வேண்டும்.

டெர்மினல்_தாத்தா:
இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். அது பேக்கப்பே இல்லையப்பா, இருக்கிற ஒரே பிரதி.

பாரிமுனை_பில்:
ரெய்டு 1 போட்டிருக்கிறேனே சார்?

டெர்மினல்_தாத்தா:
ரெய்டு 1 கண்ணாடி மாதிரி. முகத்தில் கரி இருந்தால் கண்ணாடியிலும் கரிதான் தெரியும். ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும், ஃபைல் சிஸ்டம் குழம்பினால் இரண்டிலும் சேர்த்துக் குழப்பும்.

வண்ணை_வாசி:
திட்டு அப்புறம். பில், இனி அதில் எதையும் எழுதாதீர்கள். 4 டிபியைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்று வாங்கி, பழுதான டிஸ்கை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூவால் (ddrescue) எம்டி0-வை முழு இமேஜாக, அதாவது அப்படியே ஒரு நகலாக எடுங்கள். மற்றதெல்லாம் அந்த இமேஜ் மேல்தான்.

இஎக்ஸ்டி4 தன் சூப்பர்பிளாக்கைப் பல இடங்களில் நகல் வைத்திருக்கும். டிஸ்க் 4கே அளவு பிளாக்குகளாகப் பிரிந்திருந்தால் முதல் நகல் 32768-ஆம் எண் பிளாக்கில், அடுத்தது 98304-இல். இஎக்ஸ்டி4-க்கான எஃப்எஸ்சிகேயான இ2எஃப்எஸ்சிகேயில் (e2fsck) சின்ன 'பி' (-b) போட்டு 32768 கொடுங்கள். முதல் தடவை 'என்' (-n) சேர்த்து வெறுமனே பாருங்கள், எதையும் மாற்றாது. நகல் இருக்கும் இடத்தைத் தேட, ஃபார்மட் செய்யும் கட்டளையான எம்கேஇ2எஃப்எஸ்ஸை (mke2fs) 'என்' சேர்த்துப் போடச் சொல்வார்கள். அதில் 'என்' விட்டுப்போனால் நிஜமாகவே ஃபார்மட் ஆகிவிடும், ஜாக்கிரதை.

உப்புக்காத்து:
அதற்கு முன்னால், டிஸ்க் தன் நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) பட்டியலில் 199-ஆம் எண்ணைப் பாருங்கள். தகவல் போகும் வழியில் வந்த பிழைகளைக் காட்டும் சிஆர்சி (CRC) எண்ணிக்கை ஏறியிருந்தால் கேபிள்தான்.

ராம்_டெஸ்ட்:
யாரும் மெமரியைக் கேட்கவில்லையே? ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடட்டும்.

டெர்மினல்_தாத்தா:
கரண்ட் போனது, பேட்டரி இல்லை. காரணம் கண்ணெதிரே இருக்கும்போது உப்பு எதற்கு, மெமரி எதற்கு?

உப்புக்காத்து:
தினம் கரண்ட் போகும் ஊரில் எல்லார் சர்வருமா படுக்கிறது? பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்யும் ஜர்னல் எதற்கு இருக்கிறது? ராயபுரத்தில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

டெர்மினல்_தாத்தா:
நான் தண்டையார்பேட்டையிலேயே பிறந்தவன். பர்மா பஜாரில் மலிவாகக் கேபிள் வாங்கிவிட்டு கடலைக் குறை சொல்கிறீர்கள்.

உப்புக்காத்து:
ரிச்சி தெருவில் வாங்கினால் மட்டும் தங்கமா?

வண்ணை_வாசி:
கேபிள் சண்டைக்குத் தனி இழை போடுங்களேன். பில், இமேஜ் ஆனதா?

(இரண்டு நாள் கழித்து)

பாரிமுனை_பில்:
32768 வேலை செய்யவில்லை, 98304 எடுத்தது. 2022 முழுசாக வந்துவிட்டது. 2021-இல் பாதி, பேர் தொலைந்த ஃபைல்களைப் போட்டுவைக்கும் லாஸ்ட் ஃபவுண்ட் (lost+found) ஃபோல்டரில் வெறும் நம்பராகக் கிடக்கிறது. எது எந்தப் பில் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பேர் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஓனர் வந்துவிட்டார். நன்றி அண்ணே.

வண்ணை_வாசி:
பிடிஎஃப், ஜேபெக் என்று வகை பிரிக்க 'ஃபைல்' கட்டளை போதும், கையால் திறக்க வேண்டாம். இமேஜை இப்போதைக்கு அழித்துவிடாதீர்கள்.

உப்புக்காத்து:
199 எவ்வளவு இருந்தது என்று சொல்லாமலே போய்விட்டாரே?