வூச் நகரில் ஒரு பழைய நூற்பாலையில் தங்கினேன்

போலந்து போனவர்கள் பெரும்பாலும் வார்சாவையும் கிராகோவையும் பற்றித்தான் எழுதுகிறார்கள். நான் மூன்று இரவுகள் தங்கியது வூச் நகரில். அந்தப் பெயருக்குப் படகு என்று பொருள். நகரச் சின்னத்திலும் படகுதான். ஆனால் சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறு கண்ணில் படாது. இருந்த சிற்றாறுகள் ஆலைகளுக்கு உழைத்து, சாக்கடையாகி, தெருக்களுக்கு அடியில் குழாய்களுக்குள் போய்விட்டன.

1888-இல் திறந்த கிராண்ட் ஹோட்டல் பியோத்ர்கோவ்ஸ்கா தெருவில் இருக்கிறது. அழகான தெரு, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளம். நான் அறை எடுத்தது அங்கே அல்ல. இஸ்ரேல் போஸ்னான்ஸ்கி என்ற பஞ்சாலை முதலாளியின் பழைய நூற்பாலையில். 1870-களில் எழும்பிய அந்தச் செங்கல் கட்டடம் 2009-இல் விடுதியாக மாறியது. வார்ப்பிரும்புத் தூண்களை மூடி மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். போகிறபோக்கில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். அவ்வளவு குளிர்ச்சி.

மேல்மாடியில் நீச்சல் குளம் உண்டு. அது ஆலையின் தீயணைப்புத் தண்ணீர்த் தொட்டி! பஞ்சில் பொறி விழுந்தால் நொடியில் பற்றும். அதற்காகவே அவ்வளவு உயரத்தில் தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். விடியற்காலையில் நான் மட்டும் அதில் இறங்கினேன். கண்ணாடிக்கு அப்பால் இன்னும் இருட்டு விலகவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். "என் பாட்டி இங்கே நூற்பு வேலை பார்த்தவர்" என்றார் அவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலை அரசுடைமையான காலம் அது. இரைச்சலில் பாட்டிக்குக் காது மந்தமாகிவிட்டதாம். விடுதி திறந்தபின் ஒருமுறை அழைத்து வந்தபோது, "இவ்வளவு அமைதியாக இருக்கிறதே" என்று மட்டும் சொன்னாராம். அந்தப் பெண்ணே ஒரு காகிதத்தில் வழி வரைந்து கொடுத்து, யூதர் கல்லறைக்கும் ராடெகாஸ்ட் ரயில் நிலையத்துக்கும் கட்டாயம் போகச் சொன்னார்.

விடுதியிலிருந்து சற்று வடக்கே நடந்தாலே பவூத்தி பகுதி வந்துவிடுகிறது. போரில் நகரைப் பிடித்த நாஜி ஜெர்மானியர் அதன் பெயரை லிட்ஸ்மான்ஸ்டாட் என்று மாற்றி, 1940 ஏப்ரல் 30 அன்று இங்கே சுமார் 1,60,000 யூதர்களை வேலிக்குள் அடைத்தார்கள். நடுவே ஓடிய தெருவில் அவர்கள் கால் வைக்கக் கூடாது. அதைக் கடக்க மரப்பாலம் கட்டினார்கள். ராடெகாஸ்டில் மரத்தாலான பழைய நிலையக் கட்டடமும் சரக்குப் பெட்டிகளும் நிற்கின்றன. ஒரு பெட்டிக்குள் ஏறி நின்றேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் என்னால் முடியவில்லை. 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு ரயில்கள் புறப்பட்டது இங்கிருந்துதான்.

கல்லறைத் தோட்டத்தில் போஸ்னான்ஸ்கியின் சமாதி ஒரு மாளிகை போல எழும்பி நிற்கிறது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். என் மனம் நின்றது மதிலோரம் இருக்கும் சில குழிகளில். வேலியிட்ட அந்தப் பகுதியைத் துப்புரவு செய்ய விட்டுவைத்த கடைசி யூதர்களைச் சுட்டுப் புதைப்பதற்காக வெட்டப்பட்டவை. ஆனால் அதற்குள் 1945 ஜனவரி 19 அன்று சோவியத் படை நகருக்குள் நுழைந்துவிட்டது. 800-க்கும் மேற்பட்டோர் உயிரோடு மீண்டார்கள். குழிகளை யாரும் மூடவில்லை. இன்றும் திறந்தே கிடக்கின்றன. அடியில் புல்லும் சருகும் இருந்தன. ஒன்றின் விளிம்பில் யாரோ ஒரு கூழாங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நானும் ஒன்று தேடி எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன்.

போகிறவர்கள் கவனிக்க: சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், கல்லறை மூடியிருக்கும்.