மார்பக இம்ப்ளான்ட்டை எடுக்க என்ன செலவாகும்?

கேள்வி: 2014இல் சென்னையில் மார்பகத்தில் சிலிகோன் இம்ப்ளான்ட் வைத்தேன். ஒரு வருடமாக இடது பக்கம் கல் மாதிரி இறுகிவிட்டது, குப்புறப் படுக்க முடியவில்லை. எடுக்க 1.4 லட்சம் என்கிறார்கள். சரியான தொகையா?

பதில்: அக்கா, அது சுற்றியுள்ள வடுத்திசு உறை இறுகுவது. எனக்குச் சொன்ன தொகையில் மயக்க மருந்து டாக்டர் கட்டணமும் பயாப்சியும் (திசுப் பரிசோதனை) சேரவில்லை. பில் வந்தபிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அழகுக்காக வைத்தது என்றால் இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைவிரிக்கும்.

இன்னொரு பதில்: இம்ப்ளான்ட் வைத்தபோது கொடுத்த கார்டில் என்ன வகை என்று பாருங்கள். சொரசொரப்பான பயோசெல் வகையை லிம்போமா என்ற அரிய புற்றுநோய் காரணமாக 2019 ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். திடீர் வீக்கம், நீர் கோத்தல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கேட்டவர்: கார்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடைத்தது! வழவழப்பு வகைதான். எடுத்தபின் தொங்குமா?

முதல் பதிலர்: எனக்குக் கொஞ்சம் தொங்கியது. மார்பகத்தைத் தூக்கிவிடும் லிஃப்ட் ஆபரேஷனையும் சேர்த்தால் செலவு ஏறும், நான் வேண்டாம் என்றுவிட்டேன்.