திருவனந்தபுரம் – துபாய்: போக 2.45 மணி, வர 5.30 மணியா?

களியக்காவிளை_பையன்:
துபாய்க்கு டிக்கெட் பார்க்கிறேன். போவது அதிகாலை 4.30க்குக் கிளம்பி 7.15க்குச் சேருதாம். வருவது இரவு 10.00க்குக் கிளம்பி மறுநாள் 3.30க்கு. ஒரே வழிதானே, இவ்வளவு வித்தியாசம் ஏன்? உண்மையில் எவ்வளவு தூரம்?

குழித்துறை_அண்ணன்:
தம்பி, டிக்கெட்டில் போட்டிருப்பது அந்தந்த ஊர்க் கடிகார நேரம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். போகும்போது 1.30 கூட்டு, 4 மணி 15 நிமிடம். வரும்போது 1.30 கழி, 4 மணி. அவ்வளவுதான்.

தூரம் பூமியின் வளைவோடு அளந்தால் சுமார் 2,950 கி.மீ. வான்பாதை அங்கங்கே வளைவதால் பறக்கும் தூரம் இன்னும் கொஞ்சம் கூடும். கொச்சியிலிருந்து சுமார் 2,790. அந்த 160 கி.மீ. வானத்தில் 12 நிமிடம்கூட இல்லை. அதற்காக ரோட்டில் 200 கி.மீ.க்கு மேல் கொச்சி ஏர்போர்ட் இருக்கும் நெடும்பாசேரி வரை போகாதே.

அருமனை_வானம்:
அண்ணன் சொன்ன கணக்கில் போக 4.15, வர 4 மணி; அந்த 15 நிமிட வித்தியாசம் காற்றின் கணக்கு. போயிங் 737 விமானம் காற்று வீசாதபோது மணிக்கு 830 கி.மீ. அளவில் பறக்கும். எதிர்க்காற்று 50 இருந்தால் தரைக் கணக்கில் 780தான். 2,950ஐ வகுத்தால் 3 மணி 47 நிமிடம். பின்காற்று 50 என்றால் 880, அதாவது 3 மணி 21. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணி சேர்க்கணும். சும்மா தூரத்தை 900ஆல் வகுத்துச் சொல்லும் கணக்கில் இதுதான் விடுபடும்.

குளிர்காலத்தில் வளைகுடாப் பக்கம் மேலே பலமான மேற்குக் காற்று. போக அதிக நேரம், வரக் குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கிழக்குக் காற்று வீசுவதால் வித்தியாசம் சுருங்கும்.

களியக்காவிளை_பையன்:
நன்றி அண்ணே. 15ஆம் தேதி 00.40 என்று இன்னொரு விமானமும் இருக்கு. எப்போ கிளம்பணும்?

குழித்துறை_அண்ணன்:
14ஆம் தேதி ராத்திரி! நிறைய பேர் கோட்டை விடும் இடம் இதுதான். 15ஆம் தேதி ராத்திரி போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். செக்-இன் கவுண்டர் பெரும்பாலும் 60 நிமிடம் முன்னாடியே மூடிவிடும், அதனால் மூன்று மணி நேரம் முன்னாடி, 14ஆம் தேதி ராத்திரி 9.40க்கே உள்ளே நிற்கணும். காரோடு பைபாஸில் ஏறி நேரே சாக்கை போ; பன்னாட்டு முனையம் அங்கேதான். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு முனையம். டிரைவரிடம் 'ஏர்போர்ட்' என்று மட்டும் சொன்னால் அங்கே கொண்டு விட்டுவிடுவார், சுற்றி வரணும்.

அருமனை_வானம்:
பங்குனி, ஐப்பசி மாதத்தில் போகிறவர்கள் இன்னொன்றும் பாருங்கள். சுவாமியை நீராட்டக் கொண்டுபோகும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். அன்றைக்குச் சாயங்காலம் சில மணி நேரம் விமானமே ஏறாது, இறங்காது, நேரங்களை மாற்றியிருப்பார்கள். பழைய டிக்கெட் பிரிண்டை நம்பாமல், முந்தின நாள் ஒருமுறை நேரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.