சிற்றுருவ வண்ணப்பூச்சில் ‘பிளெண்டிங்’: ‘இழைவு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

சிற்றுருவங்களுக்கு, அதாவது சிறு பொம்மை உருவங்களுக்கு, வண்ணம் தீட்டுவதில் வரும் பிளெண்டிங் என்பதற்கு ‘வண்ணக் கலப்பு’ என இக்குழுவில் முன்மொழியப்பட்ட சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். கலப்பு என்றதும் தட்டில் இரு வண்ணங்களைக் குழைத்து மூன்றாவதை உண்டாக்குவதே நினைவுக்கு வரும். பிளெண்டிங் என்பதோ உருவத்தின் மேற்பரப்பில் நிழல்நிறம் ஒளிநிறத்துக்கு எல்லைக்கோடு தெரியாமல் மாறிச் செல்வது. சில முறைகளில் அங்கே வண்ணங்கள் கலப்பதே இல்லை.

28 மில்லிமீட்டர் வீரன் உருவம் ஒன்றின் மேலங்கியைப் பாருங்கள். மடிப்புகள் ஆழமற்றவை என்பதால் அறை விளக்கில் அவற்றின் இயல்பான நிழல் போதிய அளவு தெரியாது. தூரிகையால் மிகைப்படுத்தியே காட்ட வேண்டும். அக்ரிலிக் வண்ணம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடும். ஆகவே, இரு நிறங்களையும் ஈரம் காயுமுன் உருவத்தின் மேலேயே இணைக்கும் முறைக்கு, உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சேர்த்தாலும்கூட, கைவேகம் தேவை. இதனை ‘ஈர இழைவு’ எனலாம்.

கிளேசிங் இதற்கு மாறானது. அடிநிறம் ஊடே தெரியும்படி நீர்த்த வண்ணத்தை, முந்தைய பூச்சு நன்கு உலர்ந்த பிறகே, மேலும் மேலும் இடுகிறோம். தூரிகையைத் தாளில் ஒற்றி மிகுதி ஈரத்தை நீக்கிவிட்டு, நிழல்வண்ணமானால் நிழலை நோக்கியே இழுக்க வேண்டும். ஏனெனில் தூரிகை பரப்பைவிட்டு எழும் இடத்தில்தான் நிறமி அதிகம் தங்குகிறது. ஒற்றாமல் விட்டால் துளியின் விளிம்பு முதலில் உலர்ந்து, நிறமி அங்கே திரண்டு வளையக்கறையாகும். தொடங்குவோருக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுவே என்பது என் உறுதியான எண்ணம். கிளேசிங்குக்கு ‘மென்பூச்சு’ பொருந்தும்.

இவ்விரு வழிகளிலும் கிடைக்கும் விளைவுக்குத்தான் ‘இழைவு’ என்கிறேன். குரலோடு குரல் இழைகிறது என்கிறோம். இரண்டும் இருந்தும் பிரித்தறிய முடிவதில்லை. தச்சர் மரத்தை இழைத்து வழவழப்பாக்கும் பொருளும் துணைநிற்கிறது. ‘நிறத்தை இழைத்தான்’ என வினையாகவும் வழங்கும். ஆனால் ‘நிறவிழைவு’ எனப் புணர்த்தினால் ‘விழைவு’ எனப் படிக்க நேரும், பிரித்தே எழுதவேண்டும்.

வாஷ் என்பதைக் ‘கழுவல்’ என்பது தவறு. அங்கே எதுவும் கழுவப்படுவதில்லை. நீர்த்த வண்ணம் பள்ளங்களில் வழிந்து தங்குகிறது. ‘தேங்குபூச்சு’ எனலாம். புள்ளிகளால் நிழல் காட்டும் முறையை விஷ்ணுதர்மோத்தரம் என்ற வடமொழி நூலின் சித்திரசூத்திரப் பகுதி வர்த்தனை (நிழல் தீட்டல்) வகைகளுள் ஒன்றாகவே சொல்கிறது; அதைப் ‘புள்ளி இழைவு’ என நம் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏறக்குறைய உலர்ந்த தூரிகையை மேடான விளிம்புகளில் உரசும் டிரைபிரஷிங்கை மட்டும் இழைவின்கீழ் வைக்க வேண்டாம். அது சுண்ணப்பொடி போன்ற சொரசொரப்பை விட்டுச்செல்கிறது. அதற்கு ‘உலர்தூரிகைப் பூச்சு’, ‘மேட்டுப்பூச்சு’ ஆகிய இரண்டில் எது ஏற்றது என்று வண்ணம் தீட்டிப் பழகிய உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.