மறு: கீட்டமின் + விழியசைவு: எது முதல், எது துணை?

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

இழை நீண்டுகொண்டே போகிறது. நேற்றிரவு முதல் மடலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன். பாதி மடல்கள் 'மின்னா, மீனா, மைனா' என்பதிலேயே செலவாகியிருக்கின்றன. முதல் மடலில் நண்பர் கேட்டது வேறு. நோயாளி கையில் கொடுக்கும் விளக்கத்தாளை அவர் மொழிபெயர்க்கிறார். கீட்டமின் என்னும் மயக்க மருந்தையும் ஈ.எம்.டி.ஆர். என்னும் கண் அசைவுச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுப்பதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றார். படிக்கப்போகிறவர் ஏற்கெனவே அடிபட்டு வந்தவர் என்பதை நாம் நடுவில் மறந்துவிட்டோம்.

முதலில் 'மின்'னை முடித்துவிடுகிறேன்.

> 'கெட்டமின்' என்று எழுதினால் 'கெட்ட மின்' என்று பிரித்துப் படிப்பார்கள்.

படிப்பார்கள்தான். நானே அப்படித்தான் படித்தேன். கீட்டோன், அமீன் இரண்டும் சேர்ந்து பிறந்த பெயர் இது. பாடநூல் வழக்கை அப்படியே ஒட்டினால் 'கீட்டமீன்' வரும், உடனே செதில் முளைத்துவிடும். ஈழத்துப் பாடநூல்களின் 'அமைன்' வழக்குப்படி 'கீட்டமைன்' சரியே. என் வாக்கு 'கீட்டமின்' பக்கம். 1912-இல் காசிமிர் ஃபுங்க் 'உயிருக்கு வேண்டிய அமீன்' என்ற பொருளில் வைத்த பெயர்தான் வைட்டமின். அந்த ஈற்றைத் தமிழ் 'மின்' என்றே வாங்கிப் பழகிவிட்டது. சத்து மாத்திரை என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்ட அம்மாவுக்கு: ஹிஸ்டமினை யாரும் சத்து என்று நினைப்பதில்லையே.

> 'மனவடு' ஏற்கெனவே இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஆங்கில 'ட்ராமா'வுக்கு (trauma) எந்தச் சொல் என்பதுதான் கேள்வி. இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஈழத்து உளநல எழுத்துகளில் 'மனவடு', 'நெருக்கீடு' இரண்டும் நெடுநாளாகப் புழங்குகின்றன. பட்டறிவிலிருந்து வந்த சொற்கள், அவற்றைத் தள்ள எனக்கு மனமில்லை. ஆனால் வடு என்பது புண் ஆறிய பிறகு நிற்கும் தழும்பு. குறளிலோ இன்னும் மோசம்: தீ சுட்ட புண் உள்ளே ஆறிவிடும், நாவால் சுட்ட வடு மட்டும் ஆறவே ஆறாது. சிகிச்சைக்கு அழைக்கும் தாளின் முதல் வரியிலேயே 'ஆறாதது' என்ற சொல்லை வைக்க வேண்டுமா?

நோயின் இயல்பும் வடுவோடு ஒத்துப்போகவில்லை. வடு பெரும்பாலும் வலிக்காது. பி.டி.எஸ்.டி. (கொடிய நிகழ்வுக்குப் பிறகு நீடிக்கும் உளநோய்) உள்ளவருக்கு ஒரு வாசனையோ ஒரு சத்தமோ போதும், அன்று நடந்தது இப்போதே நடக்கும். பழையதாக மாற மறுக்கும் நினைவு அது. ஆறாத காயம் என்பதுதான் பொருத்தம். கிரேக்கத்தில் 'ட்ராமா' என்ற சொல்லுக்கே காயம் என்றுதான் பொருள்.

'மனப்புண்' என்று ஐயா ஒருவர் சொன்னார். 'உங்கள் மனம் புண்படும்படி பேசியிருந்தால் மன்னிக்கவும்' என்று நாம் வாரம் ஒரு முறை இந்தக் குழுமத்திலேயே எழுதுகிறோம். அவ்வளவு லேசான சொல் இங்கே தாங்காது. 'மன அதிர்ச்சி' அந்தக் கணத்தைச் சொல்லும், அதன் பிறகு வரும் ஆண்டுகளைச் சொல்லாது. நான் 'உளக்காயம்' என்பேன். காயத்துக்கு மருந்திடலாம். மனவடுவை மாற்றுச்சொல்லாகப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வோம்.

இனி கண்.

> 'கண்ணோட்டம்' என்ற சொல் கையில் இருக்கிறது. கண் ஓடுவதுதானே இந்தச் சிகிச்சை?

இந்த மடலைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. கண் ஓடுவது, இரக்கம், பார்வைக்கோணம் மூன்றும் ஒரே சொல்லில். உளக்காயம் பட்டவரிடம் கண்ணோட்டம் காட்டுவது என்றால் அதைவிட அழகு ஏது? ஆனால் பயன்படாது. 'கண்ணோட்டச் சிகிச்சை' என்றால் உங்கள் பார்வையை மாற்றிக்கொள்ளுங்கள் என்று புத்தி சொல்லும் சிகிச்சை என்று நினைப்பார்கள். புத்திமதி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் வந்தவர்கள் அவர்கள்.

'விழியூசல்' என் மனதுக்குப் பிடித்தது என்று ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போகிறது, கண்கள் அதைத் தொடர்கின்றன, அரை நிமிடம் போல. பார்த்தால் ஊசல்தான். ஆனால் ஊசல் என்றதும் கடிகாரத்தை ஆட்டித் தூங்கவைக்கும் வசியக்காரர் நினைவுக்கு வருகிறார். இதில் ஒருவரையும் வசியப்படுத்துவதில்லை. முழு விழிப்போடு, வேண்டும்போது கையை உயர்த்தி நிறுத்தச் சொல்லும் உரிமையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆகவே உப்புச் சப்பில்லாத 'விழியசைவு' போதும்.

அந்தக் 'கண்'ணே பெயரில் வேண்டுமா என்று கேட்டவருக்கும் நியாயம் இருக்கிறது. 1987-இல் பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தன்னைத் தொந்தரவு செய்த எண்ணங்கள் கண் அசைவோடு மங்குவதை இந்தச் சிகிச்சையை உருவாக்கிய ஃபிரான்சின் ஷப்பிரோ கவனித்தார். 1989-இல் ஆய்வாக வெளியிட்டார். அப்போது பெயரில் 'ஆர்' என்னும் 'மறுசெயலாக்கம்' இல்லை, பிறகுதான் சேர்த்தார். காதில் மாறி மாறி ஒலி, கைகளில் மாறி மாறித் தட்டல் என்று கண் இல்லாமலும் செய்யலாம் என்று தெரிந்த பிறகு, மறுபடி பெயர் வைப்பதானால் 'மறுசெயலாக்கச் சிகிச்சை' என்று மட்டும் வைத்திருப்பேன் என்ற பொருளில் அவரே எழுதினார். பெற்றவளே வருந்திய பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது நல்ல வாதம். ஆனாலும் 2013-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி வரை அந்தப் பெயரில்தான் போயிருக்கிறது. நோயாளி வேறிடத்தில் தேடிப் படிக்கவும் வழி வேண்டும். விழி இருக்கட்டும்.

'மறுசெயலாக்கம்' கணினி அறையிலிருந்து வந்த சொல், கொஞ்சம் குளிர்கிறது. அதற்காக 'அசைபோடல்' வேண்டாம், அருள்கூர்ந்து வேண்டாம். விழியசைவு, நினைவசை என்று ஓசை நன்றாகத்தான் பொருந்துகிறது. ஆனால் பழையதை அசைபோட்டுக்கொண்டே இருப்பது இந்த நோயின் ஒரு கூறு, உளவியலில் அதற்கே தனிச்சொல் உண்டு. நோயின் பெயரை மருந்துக்கு வைக்கக்கூடாது. இதற்கு வேண்டிய சொல் நம் பேச்சிலேயே இருக்கிறது: 'அதை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.' ஷப்பிரோவின் கோட்பாடும் ஏறக்குறைய இதுதான். நினைவு செரிக்காமல் அப்படியே தங்கிவிட்டது, அதைச் செரிக்கவைப்பது மருத்துவம். 'நினைவுச் செரிப்பு' என்பது என் முன்மொழிவு. இன்னொரு விளக்கமும் சோதனைகளில் தாக்குப்பிடித்திருக்கிறது. நினைவை மனதில் ஏந்திக்கொண்டே விரலையும் தொடர்ந்தால், மனதின் சிறிய வேலைமேசையில் இரண்டுக்கும் இடம் போதாமல் நினைவின் கூர்மை குறைகிறது. அந்த விளக்கமே வென்றாலும் 'செரிப்பு' கெட்டுப்போகாது. ஈ.எம்.டி.ஆர். பெயரின் நடுவில் இருக்கும் 'டி'க்கு (டிசென்சிடைசேஷன்) 'உணர்வு மழுக்கல்' என்று வந்திருக்கிறது. மழுங்கியவராகத் தன்னைப் பார்க்க யார் விரும்புவார்? 'உறுத்தல் தணிப்பு' என்று வைப்போம்.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன்.

> 'கீட்டமின் விழியசைவுச் சிகிச்சை' – உம்மைத்தொகை. கீட்டமினும் விழியசைவும். இதில் என்ன குழப்பம்?

இலக்கண ஆசிரியர் ஐயா இப்படி எழுதிய மறுநாள் மயக்கவியல் மருத்துவர் அம்மா ஒரே வரியில் பதில் போட்டிருந்தார்கள். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

> கீட்டமின் கொடுத்தால் கண் தானாகவே ஆடும். நாங்கள் தினமும் பார்ப்பதுதான்.

இந்த மருந்தில் மயங்கியவரின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும், விழி தன்பாட்டில் பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். அது விழிநடுக்கம். ஆக, மருத்துவம் தெரிந்தவர் 'கீட்டமின் விழியசைவு' என்பதை மூன்றாம் வேற்றுமையில் விரிப்பார்: கீட்டமினால் ஆகும் விழியசைவு. நாம் சிகிச்சையின் பெயர் என்று எழுதுவதை அவர் பக்கவிளைவு என்று படிப்பார். நம் தொகைகள் உருபை விழுங்கிவிட்டு இனிமையாக நிற்கும். இங்கே விழுங்கிய உருபுதான் எல்லாமே.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கீட்டமின் 1962-இல் பார்க் டேவிஸ் நிறுவனத்துக்காகக் கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கியது. 1964-இல் எட்வர்ட் டோமினோவும் குந்தர் கோர்சனும் முதன்முதலில் மனிதருக்குக் கொடுத்தார்கள். கண் திறந்திருக்கிறது, ஆனால் ஆள் அங்கே இல்லை. இந்த விசித்திர நிலைக்கு என்ன பெயர் என்று தெரியாமல் டோமினோ வீட்டில் சொல்ல, பெயரைக் கொடுத்தவர் அவருடைய மனைவி டோனி. துறைசாராதவர்கள் கலைச்சொல் ஆக்கலாமா என்று போன மாதம் இங்கே சண்டை போட்டவர்கள் கவனிக்க.

அவர் கொடுத்தது 'டிஸோசியேட்டிவ்' என்ற சொல். அதன் வேரான 'டிஸோசியேஷனை' வேதியியலில் 'பிரிகை' என்போம். மனதுக்கு அது ஒத்துவராது. 'எதிலும் ஒட்டாமல் இருக்கிறான்' என்கிறோமே, அதிலிருந்து 'ஒட்டாநிலை' எடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், உளக்காயம் பட்டவர்களில் பலருக்கு அதே ஒட்டாநிலை ஒரு நோய்க்குறி. விழியசைவுச் சிகிச்சையாளர் தொடங்கும் முன்பே அது எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுச் சோதிப்பார். ஒரு கால் அன்றில், ஒரு கால் இன்றில் ஊன்றி நின்றால்தான் அந்தச் சிகிச்சை நடக்கும். கீட்டமினோ அளவு கூடினால் இன்றில் ஊன்றிய காலையே வாரிவிடும்.

ஆகவே 'சேர்த்து' என்றால் எப்படிச் சேர்த்து என்று கேட்க வேண்டியிருக்கிறது. அறுவைக்கு மயக்க, உடல் எடையில் கிலோவுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் வரை நரம்பில் ஏற்றுவார்கள். மனச்சோர்வு ஆய்வுகளில் வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், அதையும் 40 நிமிடம் இழுத்து ஏற்றுவார்கள். குறைந்த அளவு உள்ளிருக்கும்போதே விழியசைவைச் செய்வது ஒரு வழி. மருந்து இறங்கிய பிறகு, அடுத்தடுத்த நாள்களில், நரம்புச் சந்திப்புகள் புதிதாக முளைக்கும் என்று சொல்லப்படும் இளகிய பொழுதில் செய்வது இன்னொரு வழி. ஒரு தடவை கொடுத்த கீட்டமினின் தணிவு பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் கரைந்துவிடுகிறது. அது நிற்கும்போதே செரிப்பு வேலையை முடித்துக்கொள்ளலாம் என்பதுதான் இரண்டாம் வழிக்காரர்களின் எண்ணம். ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல. ஒன்றில் மருந்துக்குள் இருக்கும்போதே காயத்தைத் தொடச் சொல்கிறார்கள், மற்றதில் இல்லை.

> சுருக்கமாக 'காயநீக்கி இணைமுறை' எனலாமே.

இதற்கு மட்டும் கண்டிப்பாக மறுப்பு. வலிநீக்கி வலியை நீக்குகிறது, சரி. 2014-இல் 41 பேரிடம் செய்த ஆய்வில் ஒரு தடவை கீட்டமின் பி.டி.எஸ்.டி. குறிகளை மறுநாளே குறைத்தது. 2022-இல் படைவீரர்களிடமும் முன்னாள் படைவீரர்களிடமும் பல தடவை கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில், பி.டி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை போலி மருந்தைவிடத் தெளிவாக மேல் என்று காட்ட முடியவில்லை. விழியசைவுச் சிகிச்சைக்குத் தனியாக நல்ல சான்று உண்டு. இரண்டையும் சேர்ப்பதற்கான சான்று இன்னும் முளைநிலையில்தான். ஒன்றின் சான்றோடு மற்றதின் சான்றைக் கூட்டிக் கணக்குக் காட்ட முடியாது. 'நீக்கி' என்று பெயர் வைத்தால், நீங்காதபோது நோயாளி தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்வார்.

எனவே தொகையே வேண்டாம், உருபு விரிந்த தொடராகவே வைப்போம் என்கிறேன்:

கீட்டமின் துணையுடன் விழியசைவுச் சிகிச்சை.

எது முதல், எது துணை என்று தெரிகிறது. கண்ணை மருந்து ஆட்டுகிறது என்று யாரும் படிக்க முடியாது. நேரத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கீட்டமின் உள்ளிருக்கையில் விழியசைவுச் சிகிச்சை', 'கீட்டமினை அடுத்து விழியசைவுச் சிகிச்சை' என்று பிரித்து எழுதலாம். நீளம் என்பீர்கள். நீளம்தான். அட்டவணைக்குச் சுருக்கம் வேண்டுவோர் 'துணைமருந்து விழியசைவு' என்று வைத்துக்கொள்ளட்டும், விளக்கத்தாளில் மட்டும் சுருக்க வேண்டாம்.

மருந்தை முதலாக வைத்து, அதைத் தாங்கிப்பிடிக்க மட்டும் விழியசைவைச் சேர்க்கும் இடங்களும் உண்டு. அங்கே இந்தத் தொடர் தலைகீழாகும். முதல் மடல் எழுதிய நண்பரே, உங்கள் மூலத்தில் எது எது என்று பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன் எதையும் சொற்பட்டியலில் ஏற்ற மாட்டேன்.

அன்புடன்,
சொற்பட்டியலைப் பார்த்துக்கொள்பவன்

பி.கு. 'விழியூசல்' வீணாக வேண்டாம். கீட்டமினால் தானாக ஆடும் கண்ணுக்கு 'விழிநடுக்கம்' அவ்வளவாகப் பொருந்தவில்லை என்று மருத்துவர் அம்மாவே எழுதியிருந்தார்கள். நடுங்குவதைவிட ஆடுவதுதான் அதிகமாம். அதற்கு வைத்துக்கொள்ளலாமா?