பத்துப் பேராக 43 நிமிடங்கள்

2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி இறுதிப்போட்டியை சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் நேரில் பார்த்தேன். இடைவேளையின்போது இந்தியாவுக்கு எதிராக மலேசியா 3-1 என்று முன்னிலையில் இருந்தது. பின்வரிசையில் இருந்த பெரியவர், "இனி எல்லாரும் முன்னால் ஓடிக் கோட்டை விடப்போகிறார்கள் தம்பி" என்றார். அவர் பயந்ததில் நியாயம் உண்டு. அந்த ஆண்டு ஜனவரியில்தான் உலகக் கோப்பையில் நியூசிலாந்திடம் கையிலிருந்த ஆட்டத்தைப் பறிகொடுத்து வெளியேறினோம். அதையடுத்துப் பயிற்சியாளர் கிரஹாம் ரீட் விலகினார்.

ஆனால் எழும்பூரில் யாரும் பதறவில்லை. தொலைக்காட்சி பந்தின் பின்னாலேயே போகும். மாடத்தில் உட்கார்ந்தால்தான் பந்து இல்லாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது தெரியும். பந்து பறிபோன மறுநொடியே முன்கள வீரர்கள் தங்கள் பாதி வரை திரும்பி ஓடினார்கள். மூன்றாவது கால்பகுதியின் கடைசியில் ஒரே நிமிடத்தில் இரண்டு கோல்கள். பிறகு ஆகாஷ்தீப் அடித்தார், 4-3.

இது அப்போது புதிதாக வந்திருந்த பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனின் கைவண்ணம் என்றே நினைக்கிறேன். முதலில் தற்காப்பு, அதிலிருந்து தாக்குதல் என்பது அவர் வழி. ஆளை மாற்றினால்தான் அணி மாறும் என்று பலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன 16 பேரில் 11 பேர் அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர்கள். ஐவருக்கு மட்டுமே அது முதல் ஒலிம்பிக். வேலைப் பங்கீடுதான் மாறியிருந்தது. பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, நடுகள வீரரான மன்பிரீத் பின்களத்துக்கு இறங்கினார். மீதி 43 நிமிடங்களும் பத்துப் பேர்தான். 1-1 என்று தாக்குப்பிடித்து ஷூட் அவுட்டில் வென்றார்கள். ஆக்ரோஷம் மட்டுமே நம்பிய பழைய அணியால் இது முடிந்திருக்காது.

ஆள் மாறியதன் விளைவும் இல்லாமல் இல்லை. ரூபிந்தர் ஓய்வு பெற்றபின், எதிரணி தன் கோல் வட்டத்தில் விதி மீறும்போது கிடைக்கும் பெனால்டி கார்னரைக் கோலாக்கும் பாரம் ஹர்மன்பிரீத் தோளில் ஏறியது. பாரிஸில் அவர் அடித்தது 10 கோல்கள். ஒருவரை இவ்வளவு நம்பியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. அதைவிடப் பெரிய கவலை, பாரிஸோடு கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் விடைபெற்றது. கோல் தடுப்பதற்கு கிருஷண் பாதக் இருக்கிறார். பின்களத்தைக் குரலாலேயே நிறுத்தி வைக்கும் வேலையை அவரும் கற்றே ஆக வேண்டும்.