நிட் அப்பர் பக்கவாட்டில் பிதுங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஓட்டத்துக்கான ஷூ ஒன்றுக்கு நிட் (பின்னல்) துணியில் அப்பர், அதாவது பாதத்தை மூடும் மேல்பகுதி, வடிவமைக்கிறேன். பாலியெஸ்டரும் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணி. போட்டால் சாக்ஸ் மாதிரி கச்சிதமாக இருக்கிறது. ஆனால் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால் பாதம் சோல் விளிம்பைத் தாண்டிப் பிதுங்குகிறது. சுண்டுவிரல் பக்கம் கண்ணிகள் விரிந்து உள்ளே இருப்பது தெரிகிறது.

2012-இல் வந்த நைக்கியின் ஃப்ளைநிட், அடிடாஸின் பிரைம்நிட் ஷூக்கள் போல இடத்துக்கு இடம் பின்னலை மாற்ற என்னால் முடியாது. என்னிடம் இருப்பது ரோல் துணி, எல்லா இடத்திலும் ஒரே பின்னல்.

உள்பக்கம் டிபியு ஃபிலிம் (மெல்லிய பிளாஸ்டிக் படலம்) ஒட்டலாம்தான். ஆனால் முழுக்க ஒட்டினால் காற்றோட்டம் போய்விடும், அப்புறம் நிட் எதற்கு? லேஸ் துளையிலிருந்து சோல் வரை இழுபடாத டேப் வைத்துத் தைப்பது நல்ல வழியாகத் தோன்றுகிறது. அங்கே ஜிக்ஜாக் தையல் தாங்குமா, இல்லை சூடாக்கி ஒட்டுவதுதான் சரியா?

இன்னொன்று: இந்தத் துணி அகலவாட்டில்தான் அதிகம் இழுபடுகிறது. அந்த வாட்டத்தைப் பாதத்தின் நீளத்துக்குத் திருப்பி வெட்டினால் பிதுக்கம் குறையும் என்று கணக்குப் போடுகிறேன். அப்படி வெட்டியவர்கள் யாராவது உண்டா? கால் நுழைக்கச் சிரமமாக இருந்ததா? லாஸ்டில் (ஷூ செய்யும் பாத வடிவ அச்சு) இழுத்து ஏற்றுவதற்குப் பேட்டர்னை எவ்வளவு சிறிதாக்கினீர்கள் என்பதையும் சொன்னால் பெரிய உதவி.